கடல் கொண்ட வயலும் கணக்கேடும்

அந்தமான் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சிறைச்சாலையே முதலில் நினைவுக்கு வருகிறது. சிலருக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல் நினைவுக்கு வரும். அத்தீவுகளிலும் ஏர் பூட்டி உழுது, நெல்லும் தென்னையும் பாக்கும் பயிரிட்டு வாழும் குடியானவர்கள் இருக்கிறார்கள் என்பது சட்டென்று தோன்றுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. பிறந்த ஊரை விட்டு, வேறு மொழி வழங்கும் நிலத்தில் குடியேறி, அந்நிலத்தின் அலுவலகங்களில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் அவர்கள். அவ்வகையில், வெவ்வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு அவர்கள் நெருங்கிய உறவினர்.

இயற்கை சீறிப் பயிரையும் நிலத்தையும் அழித்துவிட்ட காலத்தில் அரசாங்கம் உழவனுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. அது எந்த அளவுகோலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது? அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரண்டு கேள்விகளின் வரலாற்றை நாம் இங்கே பார்க்கப் போகிறோம். அத்தீவுகளில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபின், நன்கௌரித் தீவுக் கூட்டத்தில் தென்னந்தோப்பை இழந்தவர்களுள் சிலருக்கு நஷ்ட ஈடாகக் காசோலைகள் வந்தன. அவற்றுள் இரண்டு ரூபாய்க்கு எழுதப்பட்ட காசோலையும் இருந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. இரண்டாயிரம் அன்று, இருநூறும் அன்று, இரண்டே ரூபாய். படித்தவர்கள் சிரித்தார்கள், பிறகு வருந்தினார்கள், பிறகு மறந்தார்கள். இதைப் போன்ற செய்தி பின்னும் வந்ததுண்டு. 2013இல் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் வெள்ளத்தால் பயிரிழந்த உழவர் சிலர் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்க்குக் காசோலை பெற்றனர். 2015இல் பருவம் தவறிய மழைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் அறுபது, எழுபது ரூபாய்க் காசோலைகள் வழங்கப்பட்டன.

இவற்றை எழுத்தர் ஒருவரின் கைப்பிழை என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ஏட்டில் கூட்டிப் பார்த்தால் இரண்டு ரூபாய் என்பது முற்றிலும் சரியான விடையாகவே இருக்கக்கூடும். சரியான கணக்கு எப்படி இவ்வளவு பொருளற்ற விடையைத் தருகிறது என்பதே ஆராயத்தக்கது. அதற்கு முதலில் தீவுகளின் நிலம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

1858இல் ஆங்கிலேயர் அங்கே தண்டனைக் குடியேற்றம் ஒன்றை நிறுவினர். தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டிய கைதிகளுக்குச் சிறு நிலம் கொடுத்துப் பயிரிடச் செய்தனர். தீவுகளின் உழவுத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். நாடு விடுதலை பெற்றபின், 1949 முதல், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு நெல் வயலாக ஐந்து ஏக்கரும், மேட்டு நிலமாக ஐந்து ஏக்கரும் கொடுப்பது அத்திட்டத்தின் பொதுவான அளவு. பின்னர் கேரளம், தமிழ்நாடு, பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்தும், பர்மாவிலிருந்து திரும்பியவர்களிலிருந்தும் குடும்பங்கள் சேர்ந்தன. 1969 முதல் பெரிய நிக்கோபார்த் தீவின் கிழக்குக் கரையில் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியரும் மராத்தியரும் தமிழரும் அங்கே அக்கம்பக்கமாகக் காடு திருத்தினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளருள் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர்.

இவ்வாறு வந்தவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். திட்டத்தின் கீழ் வந்தவருக்கு நிலப் பதிவேட்டில் பெயர் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குக் கூலி இருந்தது, மரம் அவருடையதன்று. பிற்காலத்தில் பிழைப்புத் தேடித் தாமாகவே கப்பலேறி வந்து, காட்டோரத்தில் சிறு நிலத்தைத் திருத்திக் குடிசை கட்டியவருக்கோ பதிவேட்டில் பெயரே இல்லை. 1978க்கு முன் அவ்வாறு குடியேறியவர்களை முறைப்படுத்துவது என்றும், பின்வந்தவர்களை ஆக்கிரமிப்பாளராகக் கொள்வது என்றும் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. 2002இல் உச்ச நீதிமன்றமும் தீவுகளின் காட்டு நிலத்திலிருந்து ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிட்டது. காட்டையும் பழங்குடியினரையும் காப்பதற்கு அவ்வுத்தரவு வேண்டியதே. ஆயினும் கோட்டுக்கு அப்பால் நின்ற குடும்பத்தின் வாழைத்தோட்டம் அழிந்தால், அரசாங்க ஏட்டைப் பொறுத்தவரை அங்கே தோட்டமும் இல்லை, அழிவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. பிளவு வடக்கே அந்தமான் வரை ஓடியது. அலை வந்து போயிற்று என்பதோடு தீவுகளின் கதை முடியவில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் தீவுகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. நாகப்பட்டினத்தில் கடல் ஏறி, இறங்கி, உப்பை விட்டுச் சென்றது. தீவுகளிலோ நிலமே சாய்ந்தது. வட அந்தமானின் சில பகுதிகள் உயர்ந்து பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கின் அடியில் கடல் வந்து நின்றது.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட் என்னும் இடம் இருக்கிறது. நெல் விளைந்த தாழ்நிலம் அது. 2004 டிசம்பருக்குப் பின் ஒவ்வொரு கடலேற்றத்தின்போதும் உப்புநீர் அவ்வயல்களில் புகுந்தது, வடிந்தது, மறுபடியும் புகுந்தது. வரப்புகள் கரைந்தன. இப்போது அது நீர்ப்பறவைகள் கூடும் சதுப்பு நிலம். பறவைகளைப் பார்க்க அன்பர்கள் காமிராவுடன் அங்கே செல்கிறார்கள். ஒரு போகம் அழிந்தது என்று இதைச் சொல்வதா? பல போகங்கள் அழிந்தன என்று சொல்வதா? நிலமே போயிற்று என்று சொல்வதா? உழவனுக்கு இதில் ஐயம் இல்லை. ஐயம் எல்லாம் நெறிமுறைப் புத்தகத்துக்கே.

அந்த நெறிமுறையை இனிச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் நாட்டில் இயற்கைச் சீற்ற உதவிக்கென்று ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் முறை 1990இல், ஒன்பதாம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, துயர் துடைப்பு நிதி என்ற பெயரில் ஏற்பட்டது. ஆழிப்பேரலைக்கு ஓராண்டுக்குப் பின், 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. இன்ன சேதத்துக்கு இவ்வளவு என்று மத்திய அரசாங்கம் ஒரு பட்டியல் வகுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்ட பட்டியலின்படி, மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய். தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். பயிரில் மூன்றில் ஒரு பங்கேனும் அழிந்திருக்க வேண்டும். முன்பு பாதி அழிந்திருக்க வேண்டும் என்று இருந்ததை 2015இல் இவ்வாறு தளர்த்தினர். எவ்வளவு நிலம் இருந்தாலும் இரண்டு ஹெக்டேருக்கு மேல் உதவி இல்லை.

22,500 ரூபாய் என்பது காதுக்குப் பெரிய தொகைதான். ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு இரண்டே கால் ரூபாய் ஆகிறது. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 175 தென்னை நிற்கும். மரம் ஒன்றுக்கு 130 ரூபாய்க்கும் குறைவு. நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து, பிறகு அறுபது ஆண்டு காய்க்கும் மரத்துக்கு இது விலை. இந்த வீதம் 2004க்குப் பின் பலமுறை உயர்த்தப்பட்ட வீதம் என்பதையும் மறக்கலாகாது. பதிவேட்டில் பலர் பெயரில் கூட்டாக உள்ள சிறு துண்டு நிலத்தைப் பங்குதாரர்களுக்குள் பிரித்து, சேத வீதத்தால் பெருக்கினால் விடை எவ்வளவு சிறுக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பிற்கால நெறிமுறைகளில், ஒருவருக்குக் கொடுக்கும் தொகை ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி இடம்பெற்றிருக்கிறது. பல்லாண்டுப் பயிருக்கு அந்தக் குறைந்த அளவு இப்போது 2,500 ரூபாய். இரண்டு ரூபாய்க் காசோலை மறுபடியும் வராமலிருக்க அது உதவும்.

நிலமே போய்விட்டவருக்கு என்ன விதி? அதற்கும் ஒரு பத்தி இருக்கிறது. ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். அந்தப் பத்தியின் சொற்களை நாம் கூர்ந்து படித்தோம். மலைச்சரிவாலோ, பனிச்சரிவாலோ, ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதாலோ நிலம் அழிந்திருக்க வேண்டும் என்கிறது அது. கடல் அந்தப் பட்டியலில் இல்லை. இமயத்தையும் கங்கைச் சமவெளியையும் மனத்தில் கொண்டு எழுதிய வாசகம் போலும். கடல்கோளைப் பற்றியும், கடல் கொண்ட நாட்டுக்கு ஈடாக வேறு நாட்டைத் தேடிக்கொண்ட பாண்டியனைப் பற்றியும் பழைய இலக்கியத்தில் படித்து வளர்ந்த தமிழனுக்கு இந்த விடுபாடு வியப்பைத் தருகிறது. மேலும், சிறு குறு விவசாயிகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். வருவாய்ப் பதிவேட்டின்படி நிலம் அவர்களுக்கு உரியதாக இருக்கவும் வேண்டும். இத்தகைய குறைகளால்தான் பெருந்துயரம் நேரும்போது நெறிமுறைக்கு வெளியே தனித் திட்டம் வகுக்க வேண்டி வருகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் ராஜீவ் காந்தி மறுவாழ்வுத் தொகுப்புத் திட்டம் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. மூவாயிரத்து அறுநூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அத்தொகையில் எண்ணூறு கோடிக்கு மேல் தீவுகளுக்கு ஒதுக்கப்பட்டது.

நிக்கோபார் மக்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. கார் நிக்கோபாரில் நிலமும் தோப்பும் தனி மனிதனுக்கு உரியன அல்ல. துஹெத் என்று வழங்கும் பெருங் கூட்டுக் குடும்பத்துக்கு உரியவை. அவர்களுக்குத் தேங்காய் உணவு; அதுவே பன்றிக்குத் தீனி; கொப்பரையாக உலர்த்தினால் கடைச் சரக்குக்கு ஈடான பணமும் அதுவே. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்கள் நிலத்தை வெளியார் கைப்பற்றாமல் காத்து வந்தது. அங்கே பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் தேவையே ஏற்படவில்லை. இத்தகைய சமூகத்துக்குப் பணமாக உதவி வந்தபோது, குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. கணவன், மனைவி, குழந்தைகள் என்ற சிறு குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் எழுதப்பட்டார். அவர் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கப்பட்டது. நன்கௌரித் தீவுகளில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்த சிம்ரன் ஜித் சிங் என்னும் அறிஞர், அலையைக் காட்டிலும் அதன் பின்வந்த உதவி அச்சமூகத்தின் கட்டமைப்பை ஆழமாக அசைத்தது என்று எழுதியிருக்கிறார். மரத்தை எண்ணாமல் பரப்பை அளந்தார்கள். கூட்டத்தைக் காணாமல் தலைவரைத் தேடினார்கள். தீய எண்ணம் எவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. எந்த அளவுகோல் என்பதை முன்கூட்டியே ஊரார் நடுவில் வைத்துப் பேசியிருந்தால், அது பொருந்தாது என்று முதல் நாளே ஒரு முதியவர் சொல்லியிருப்பார்.

நாம் வலியுறுத்த விரும்புவது இதையே. வெளிப்படைத்தன்மை என்றால், பணம் பெற்றவர் பெயரையும் தொகையையும் சுவரில் ஒட்டுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அதுவும் வேண்டும். ஆனால் அளவுகோல் வெளியே தெரியாவிட்டால் அப்பட்டியல் ஊமைப் பட்டியல். இரண்டு ரூபாய் பெற்றவர் தம் பெயருக்கு நேரே இரண்டு என்று எழுதியிருப்பதைக் கண்டு என்ன தெரிந்துகொள்வார்?

அளவுகோல் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னை மாகாணத்து வரலாற்றிலேயே சான்று உண்டு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில், சிக்கனம் பார்க்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் விதித்தார். கொடிய விதிதான். ஆயினும் அந்த ஒரு பவுண்டு என்ற அளவு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாட முடிந்தது. உழைக்கும் மனிதன் இதில் உயிர்வாழ முடியாது என்று மருத்துவ முறையில் எழுதினார், செய்தித்தாள்களும் பேசின. சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் பலர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் குழுவின் அறிக்கையும், அதைத் தொடர்ந்து பஞ்ச விதித் தொகுப்பும், 1884இல் உழவர் கடன் சட்டமும் வந்தன. தக்காவிக் கடன் என்று நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டது அதைத்தான்.

கிராமத்தில் விளைச்சல் கெட்ட ஆண்டில் கிஸ்தியில் வஜா கொடுப்பது வழக்கம். கர்ணம் அடங்கலில் எழுதிய கணக்கை ஆண்டுக்கொருமுறை ஜமாபந்தியில் மேலதிகாரி முன்னிலையில் சரிபார்ப்பார்கள். குடிகள் அங்கே வந்து முறையிடலாம். கர்ணத்தின் கை எவ்வளவு நீளமானது என்பதை அறிந்தவர்கள் அந்த ஏற்பாட்டைப் பெரிதாகப் புகழமாட்டார்கள், நாமும் புகழவில்லை. ஆனாலும் கணக்கு ஊருக்குள் இருந்தது. அதை எழுதியவர் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். இன்னும் பழமைக்குப் போனால், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். கோயிற் சுவரில் வெட்டியது எல்லாரும் பார்ப்பதற்கே.

நம் காலத்தில் இந்த உரிமை மீண்டும் பிறந்ததும் வறட்சி நிவாரணத்தின் வழியாகவே என்பது கவனிக்கத்தக்கது. ராஜஸ்தானத்தில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, வறட்சிக்கால வேலைகளில் கூலி குறைவாகக் கொடுக்கப்படுவதைக் கேட்கப் போய், வருகைப் பட்டியலைக் காட்டுங்கள் என்ற கோரிக்கையில் வந்து நின்றது. 1994 டிசம்பர் முதல் ஊர் ஊராகப் பொது விசாரணைகள் நடந்தன. பட்டியலை உரக்கப் படித்தபோது, இறந்தவரும் ஊரில் இல்லாதவரும் கூலி வாங்கியிருப்பது தெரிந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டம் நடந்தது. 1997இல் தமிழ்நாடு, மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்த சட்டம் எனினும் முதலாவது என்ற பெருமை அதற்கு உண்டு. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆழிப்பேரலைக்கும் இந்நாளுக்கும் இடையே ஒன்பதரை மாதங்கள். அந்த இடைக்காலத்தில் முதற்கட்ட உதவியைப் பெற்ற தீவு உழவனுக்கு, மத்தியச் சட்டத்தின்படிக் கேள்வி கேட்கும் வழியே இருக்கவில்லை. பின்னர் மத்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், ஆழிப்பேரலை நிவாரணத்தைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை நாடாளுமன்றத்தில் வைக்கச் செய்தார். தமிழ்நாட்டோடு தீவுகளும் அதில் இடம்பெற்றன.

இச்சட்டத்தின் நான்காம் பிரிவு, எவரும் கேட்காமலேயே அரசாங்கம் வெளியிட வேண்டியவற்றைக் கூறுகிறது. மானியத் திட்டங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயன் பெற்றவர் யார் என்பன அதில் அடங்கும். உள்ளூர் மொழியைக் கருதி அவற்றைப் பரப்ப வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆறாம் பிரிவோ, விண்ணப்பம் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும் என்கிறது. தீவுகளில் வாழும் தமிழ் உழவனுக்கும், குஜராத்திலோ ஒடிசாவிலோ நிலம் பயிரிடும் தமிழனுக்கும் இதன் பொருள் தெளிவானது: கேள்வியைத் தன் மொழியில் கேட்க முடியாது. படித்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் நலம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. நகல் வேண்டினால் பக்கம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய். நன்கௌரியில் வழங்கிய அந்தக் காசோலையை மாற்றினால், அதன் கணக்கு எழுதப்பட்ட ஏட்டில் சரியாக ஒரு பக்கத்தின் நகலை வாங்கலாம். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. விலை அவ்வாறு அமைந்திருக்கிறது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்காவில் உழவர் மானியம் பெற்றவர் பெயர்களை வெளியிட மறுத்த அரசாங்கத்தை எதிர்த்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வழக்குத் தொடுத்து 1996இல் வென்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு அப்பட்டியல்கள் முழுவதையும் எவரும் பார்க்கும்படி வைத்தது. 2006இல் அதே நாளிதழ் ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளால் ஒரு செய்தி வெளிவந்தது. வறட்சிக்கென்று ஏற்பட்ட கால்நடை உதவித்தொகை, வறட்சியே காணாத பண்ணைகளுக்கும் சென்றிருக்கிறது. மாவட்டத்தில் ஏதேனும் ஒரு பேரிடர் அறிவிக்கப்பட்டிருந்தால் போதும் என்று விதியைத் தளர்த்தியதன் விளைவு அது. 2003இல் கொலம்பியா விண்கலம் வெடித்து அதன் சிதறல்கள் டெக்ஸாஸில் விழுந்ததும் அத்தகைய பேரிடராகக் கணக்கில் வந்தது. அங்கே இல்லாத நஷ்டத்துக்குப் பணம். நன்கௌரியில் இருந்த நஷ்டத்துக்கு இரண்டு ரூபாய்.

பெயரை வெளியிடுவதற்கும் எல்லை உண்டு என்பாரின் வாதத்தை நாம் புறக்கணிக்கலாகாது. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில உழவர் தொடர்ந்த வழக்கில், மானியம் பெற்ற தனி மனிதர் எல்லாருடைய பெயரையும் தொகையையும் வேறுபாடின்றி வெளியிடுவது அவர்கள் அந்தரங்க உரிமைக்கு மிகையான தீங்கு என்று கூறிற்று. நம் நாட்டிலும் 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் தனிப்பட்ட செய்திகளுக்கான விலக்கைத் திருத்தி அகலப்படுத்தியது. பெருநிலக்கிழாரின் மானியமும், கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண் வாங்கிய தொகையும் ஒன்றல்ல. பின்னதை ஊர் அறியப் படிப்பது கடன்காரரை அவள் வாசலுக்கு அழைப்பதாகவும் முடியும். ஆனால் இந்த வாதம் பெயருக்கே பொருந்தும். இன்ன கிராமத்தில் எத்தனை ஹெக்டேர் அழிந்ததாக எழுதினார்கள், எந்த வீதத்தில் கொடுத்தார்கள், யார் வந்து அளந்தார்கள், எந்தப் பயிரை எந்தப் பத்தியில் சேர்த்தார்கள் என்பவற்றில் எவருடைய அந்தரங்கமும் இல்லை.

தீவுகளில் இக்கேள்விகளுக்கு ஒரு தனி அவசரம் உண்டு. அங்கே சட்டமன்றம் இல்லை. மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஆட்சி மத்திய உள்துறையின் கீழ் நடக்கிறது. தஞ்சையில் பயிர் அழிந்தால் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்பார். மறுநாள் செய்தித்தாளில் விடை வரும். சிப்பிகாட் வயலைப் பற்றி அவ்வாறு கேட்க அங்கே அவையே இல்லை. தகவல் ஆணையமும் தீவில் இல்லை. மேல்முறையீடு இறுதியாகத் தில்லியில் உள்ள மத்திய ஆணையத்துக்குச் செல்கிறது. இப்போது உதவித்தொகை நேரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. இடையில் கை நீட்டுவோர் குறைந்தது பெரும் நன்மை. ஆனால் கைப்பேசியில் வரும் செய்தி தொகையை மட்டும் சொல்கிறது. எத்தனை ஹெக்டேருக்கு, எந்த வீதத்தில் என்று சொல்வதில்லை.

ஆகவே, நேயர்களுள் எவருக்கேனும், தீவிலாயினும் வேறெந்த மாநிலத்திலாயினும், இத்தகைய தொகை வந்து அதன் காரணம் விளங்காவிட்டால், எனக்கு ஏன் குறைவு என்று எழுதுவதோடு நிற்க வேண்டாம். தமது நிலத்துக்கான சேத மதிப்பீட்டுப் படிவத்தின் நகல், அளவெடுத்த நாள், அளவெடுத்த அதிகாரியின் பதவி, பதிவேட்டில் உள்ள பரப்பு, சேதமாக எழுதப்பட்ட பரப்பு, பயன்படுத்திய வீதம், அந்த வீதத்துக்கு ஆதாரமான உத்தரவின் எண் ஆகியவற்றைக் கேட்கலாம். முப்பது நாளில் விடை தரவேண்டும் என்பது சட்டம். அதிகமாகப் போனால் நான்கு பக்கம் வரும்; நகலுக்கு எட்டு ரூபாய்.